லிண்டலுக்கு மேல் இரண்டு விரல்கடை

முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த வாசக்காலுக்கு மேல் மரச்சட்டத்தைக் கரையான் தின்றிருந்தது. அதை எடுத்துவிட்டு நஞ்சப்பன் மேஸ்திரி சிமெண்ட் லிண்டலை ஏற்றிவைத்த அன்று, அதற்கும் மேல்சுவருக்கும் நடுவே இரண்டு விரல்கடை சந்து மிஞ்சியது. சுவரில் துளையிட்டுக் குறுக்கே செருகிய கட்டையும், அதைத் தாங்கிய முட்டுக்கால்களும்தான் மேல்சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"லிண்டலு ரெண்டு முனைலயும் நல்லா உக்காரட்டுமுங்க அம்மிணி. நாளைக்கு வந்து சந்தை அடைச்சுப்போட்டு முட்டுக்காலை எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தை அடைத்தால் வீட்டு வேலை முடிந்தது. வீட்டு வேலை முடிந்தால் என் கணவர் சுடலை ஜோர்டானுக்குப் போவார். அங்கே ஒரு கார்மெண்ட்ஸில் மூன்று வருஷம் தையல் வேலை. பெருமாநல்லூரில் இந்தப் பழைய ஓட்டு வீட்டை வாங்கியதிலிருந்து அவர் சொல்வது ஒன்றுதான்: "நீ தனியா இருக்கப்போற வீடு. உறுதி பண்ணிட்டுத்தான் பிளேன் ஏறுவேன்." சரி என்று நான்தான் சொல்லியிருந்தேன். சொன்ன நாளிலிருந்து அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க ஒரு நேரம் வாய்க்கவில்லை. அவருக்கு இங்கே பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். அவர் விழித்திருந்தால் நான் அடுப்படியில் ஓடிக்கொண்டிருப்பேன். நான் ஓய்ந்து உட்காரும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

மறுநாள் நஞ்சப்பன் வந்தபோது வாசலிலேயே மறித்தேன். "அவுக தூங்குதாக."

அடுத்த நாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாளும்.

"ஊட்டுக்காரரு தூங்குனா செவுரும் கூடவே தூங்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த வாரத்துப் பகல்களை என்னால் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து பனியன்களுக்குப் பிசிறு வெட்டுவேன். பக்கத்துக் கட்டடத்தின் நிட்டிங் மிஷின் சத்தம் சுவர் வழியாக என் முதுகில் ஏறும். கண்ணாடி ஓட்டிலிருந்து விழும் வெயிலில் பஞ்சுத் தூசி மேலும் போகாமல் கீழும் இறங்காமல் நிற்கும். கத்தரியை மடியில் வைத்துவிட்டு அந்தச் சந்தையே பார்ப்பேன். அதற்கு மேலே இருந்த எல்லாமும், சுவரும் ஓடும் வானமும், எதன் மேலும் உட்காராமல் மிதப்பதாகத் தோன்றும். அப்படியே மிதக்கட்டும் என்று நினைப்பேன். இறங்கிவிட்டால் நாள் தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் அவர் போய்விடுவார்.

ஒரு மதியம் அந்தச் சந்து வழியே நுழைந்த வெயில், முன்னறையில் பாயில் கிடந்த அவர் கண்ணில் விழுந்தது. அவர் முகத்தைச் சுளித்தார். நான் பெஞ்சில் ஏறி, மூட்டையில் கிடந்த கட்டிங் வேஸ்ட் துண்டுத் துணிகளை எடுத்து, ரோஸும் நீலமுமாகச் சந்து நெடுக அடைத்தேன். தலையணைக்குள்ளும், ஜன்னல் இடுக்கிலும், ஆடும் மிஷினின் காலடியிலும் இந்த ஊரில் அதைத்தான் அடைக்கிறோம். முன்னறை மங்கியது. அவர் புரண்டு படுத்தார். ஒரு குழந்தையைத் தட்டித் தூங்கவைத்ததுபோல எனக்கு நிறைவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. நஞ்சப்பன் என்னைக் கேட்காமலே உள்ளே வந்தார். லிண்டலுக்கு மேலே பூச்சில் தலைமுடிபோல ஒரு விரிசல் ஓடியிருந்தது. கம்பியை விட்டுத் துணியை இழுத்தவர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, செவுத்துக்குக் குளுருதுன்னு பனியன் போட்டு உட்டீங்களாக்கும்?"

சுடலை என்னைப் பார்த்தார். நான் துணியைப் பொறுக்கினேன்.

"துணி அமுங்குமுங்க. அது அமுங்க அமுங்கச் செவுரு எறங்கும். ஈரங்கொறைஞ்ச கலவைய இடிச்சு, சில்லு வெச்சு இறுக்கோணும். லிண்டலு மேல பாரம் ஏறுனாத்தான் செவுரு நிக்கும்."

கையாள் வரவில்லை. கலவை மறுபக்கம் பிதுங்காமல் பலகையை அணைத்துப் பிடிக்க முன்னறையில் சுடலை ஸ்டூலில் ஏறினார். அடுப்படிப் பக்கம் பெஞ்சின் ஒரு முனையில் நஞ்சப்பன். மறுமுனையில் ஓட்டுச் சில்லுகளோடு நான். கலவை இடது ஓரத்திலிருந்து நெருங்கி வந்தது. எனக்கு நேரே இன்னும் ஒரு சாண் திறந்திருந்தது. அதில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. இத்தனை பக்கத்தில், இத்தனை விழிப்பாக அவற்றைப் பார்த்து எத்தனை மாதமாயிற்று!

"நீங்க போக வேண்டாம்" என்றேன்.

"எங்க?"

"ஜோர்டானுக்கு."

கலவை அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தது. "பலகைங்கண்ணா, பலகை!" என்றார் நஞ்சப்பன்.

"நீதான சரின்னே?"

"செருப்புல கால நுழைச்சுக்கிட்டே கேட்டீக. வேற என்னத்தச் சொல்ல?"



"அம்மிணி, சில்லு" என்று நஞ்சப்பன் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "பேசுங்க, பேசுங்க. கலவைதான் காஞ்சுபோகும்" என்று அவர் வேறுபக்கம் பார்த்துக்கொண்டார்.

"ஏட்டி, பாஸ்போர்ட்டு ஏஜெண்டுகிட்ட கெடக்கு."

"வாங்கிட்டு வாரீகளா?"

"இப்பவேவா? கையில பலகை இருக்குல்லா."

நஞ்சப்பன் நீட்டிய கையில் அப்போதுதான் சில்லை வைத்தேன்.