பகல் அடக்கம்

தாடையைச் சேர்த்துக் கட்டிய துணி மறுபடி நழுவியது. டெம்பி அதை இறுக்கி முடிச்சுப் போட்டாள். கூரை வேய்ந்து மிஞ்சிய பலகையில் அப்பா ஐசம் கிடந்தார். விடியும்போது மூச்சு நின்றிருந்தது.

அண்ணன் கிரீன் வாசலில் வந்து நின்றான், தோளில் பருத்திப் பையோடு.

"பொழுது சாஞ்சதும் எடுத்துரலாம். பந்தம் கட்டச் சொல்லியாச்சு."

"பந்தம் எதுக்கு?"

"இருட்டுல குழி தெரிய வேணாமா?"

"பகல்ல எடுத்தா தெரியும்ல."

டிரினிட்டி ஆற்றுக்கு மேலே மேகம் கறுத்துக் கிடப்பதைக் கிரீன் காட்டினான். "பருத்தி நனைஞ்சா குளிர்காலத்துல என்னத்தத் திங்கிறது? அப்பனுக்கு எப்பவும் பருத்தி வெடிக்கிறப்பதான் ஒடம்புக்கு முடியாமப் போகும்."

டெம்பிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "அம்மாவ எப்பண்ணே பொதைச்சோம்?"

அம்மாவைப் புதைத்தது அடிமைக் காலத்தில், பந்த வெளிச்சத்தில். துரையின் தோட்டத்தில் பகல் துரைக்குச் சொந்தம். செத்தவர்களுக்கு வேலை முடிந்த பிறகுதான் நேரம். அப்பாதான் அங்கே எல்லாருக்கும் குழி வெட்டியவர். விடுதலை கிடைத்து, இந்த ஆற்றங்கரைக் காட்டை வெட்டி, வீடும் கோயிலும் கட்டிய பிறகும் இங்கே செத்த குழந்தைகளை இருட்டிலேயே புதைத்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிரசங்கியார் எசேக்கியா வந்தார். "நம்ம வழக்கம் அதானேம்மா? பாட்டும் ராத்திரிலதான் நல்லா வரும்."

"ஒங்க தொண்டைக்கு எந்நேரமும் ஒண்ணுதான் மாமா. அது நம்ம வழக்கம் இல்ல. துரை விட்ட நேரம்."

"இப்பக் கூப்பிட்டா ஒருத்தரும் வர மாட்டாங்க."

"வராட்டிப் போகட்டும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். பருத்திக்காட்டு ஓரத்தில் வெட்டத் தொடங்கினாள். ராத்திரி முழுக்க விழித்திருந்த உடம்பு. மண் களியாக ஒட்டியது. வரிசை வரிசையாகக் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மறுபடி குனிந்துகொண்டார்கள்.

முழங்கால் ஆழம்கூட வரவில்லை. பக்கத்தில் பொத்தென்று ஒரு பை விழுந்தது.

"தள்ளு," என்றான் கிரீன். "குழியா இது? தலை மேற்கால இருக்கணும். கடைசி நாள்ல எந்திரிக்கிறப்ப சூரியனப் பாக்க வேணாமா? அப்பன் பார்த்தா ஒன்ன அடிச்சிருப்பார்."

மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு அவள் அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், தோளில் பை தொங்க, விரல் நுனிகளில் ரத்தக் கீறலோடு. அப்பாவைப் பலகையோடு தூக்கி வந்து குழியில் இறக்கினார்கள்.

எசேக்கியா பாட்டைத் தொடங்கினார். குரல்கள் சேரவில்லை. பந்தம் பிடித்துப் பழகிய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிலர் நின்றார்கள். பாட்டு பாதியில் இருக்கும்போதே தூறல் விழுந்தது. இரண்டு பெண்கள் பருத்திக்காட்டுக்கு ஓடினார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் நின்றார்கள். கிரீன் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

இருட்டில் நடந்த இத்தனை அடக்கங்களில் டெம்பி யார் முகத்தையும் சரியாகப் பார்த்ததில்லை. எதிரே எசேக்கியா மாமாவின் உதடு கோணிக்கொண்டு துடித்தது. அவள் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். சட்டென்று தொப்பியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

அவர் அழட்டும் என்று டெம்பி அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.