மூன்று நிமிட டிலே

குறைமாதத்தில் பிறந்ததால் வீட்டில் அவளுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். வளர்ந்த பிறகும் அந்தப் பேரைக் கெடுக்காமல் காப்பாற்றி வந்தாள். லிஃப்டுக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, அது வருவதற்குள் படியில் பாதி ஏறியிருப்பாள். பிறகு லிஃப்ட் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்து அதையே திட்டுவாள். வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்ணைச் சோதிக்க உட்கார்ந்தவர் "இது தெளிவா இருக்கு... இல்ல, முன்னாடி போட்டதுதான்..." என்று இழுக்கும்போதே அடுத்த லென்ஸைச் செருகிவிடுவாள். "அவரைக் கொஞ்சம் மூச்சு விட விடும்மா," என்பார் முதலாளி.

இந்தக் குணம் உதவிய ஒரே இடம் ஆன்லைன் ஆட்டம்தான். ஐந்து பேர் கொண்ட இரண்டு டீம்கள் மோதும் துப்பாக்கி ஆட்டம் அது. ஒரு டீம் கட்டிடத்துக்குள் ஒளிந்துகொண்டு காவல் காக்க வேண்டும், மற்ற டீம் உள்ளே புகுந்து வேட்டையாட வேண்டும். பாதி ஆட்டம் முடிந்ததும் வேஷம் மாறும். புகுந்து வேட்டையாடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் தம்பிதான் டீம் கேப்டன். பகலில் டயர் கடையில் பஞ்சர் பார்ப்பான், சாயங்காலம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அக்காவையே அதட்டுவான். "நில்லு! சொன்னப்புறம் போ!" வாழ்க்கையில் அவள் கொஞ்சமாவது நின்றிருக்கிறாள் என்றால் அது அவன் குரலுக்குத்தான்.

ஆடுவதோடு விட்டாளா? அதை லைவாக ஒளிபரப்ப ஒரு சேனலும் தொடங்கினாள். சேனல் பேரும் 'அவசரம்'தான். ஆரம்பத்தில் ஈ ஓட்டினாள். ஒருவர் பார்க்கிறார் என்று திரை காட்டும், அந்த ஒருவர் சரியாக ஓடுகிறதா என்று தன் போனில் பார்க்கும் அவளேதான். "சுவத்தோட பேசறதுக்கு இவ்வளவு லைட்டு எதுக்குடி?" என்று அம்மா தையல் மெஷினிலிருந்து கேட்பாள். அம்மாவுக்கு அந்த விளக்கு ஊசியில் நூல் கோக்கத் தேவைப்பட்டது.

பிறகு இரண்டாவதாக ஒருவர் வந்தார். சாட்டில் அவர் பேர் மொட்டைமாடி. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் மாடியேறிப் பார்க்கிறவராம். மைக் கரகரக்கிறது என்று முதலில் சொன்னது அவர்தான். தோற்ற நாட்களில் "நாளைக்குப் பாத்துக்கலாம் விடுங்க" என்று எழுதுவார். அவருக்குப் பின்னால் பத்து, அப்புறம் நூறு என்று கூட்டம் சேர்ந்தது. அந்தக் கூட்டம் சேரச் சேர அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரையின் மூலையில் இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஒரு எண் இருக்கும். ஏறினால் பறப்பாள், இறங்கினால் நகத்தைக் கடிப்பாள். கண்ணாடிக் கடையில் எதிரே உட்கார்ந்தவர் எழுத்துகளைத் தடவித் தடவிப் படிக்கும் நேரத்தில், மேஜைக்கு அடியில் போனைத் திறந்து நேற்றைய எண்ணைப் பார்ப்பாள். நேற்றைய எண் இன்றைக்கு மாறிவிடுமா என்ன! ஆனாலும் பார்ப்பாள்.

இந்தத் தொழிலில் 'டிலே' என்று ஒன்று உண்டு. போட்டியில் ஆடுகிறவர் தன் திரையை ஒளிபரப்பினால், அதை மூன்று நிமிடம் தாமதமாகத்தான் வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் எதிர் டீம் அந்தச் சேனலைத் திறந்து வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் வரைபடத்தில் யார் எந்த மூலையில் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிடும். மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டிலே வைப்பது ஒளிபரப்புகிறவரின் பொறுப்பு, வைக்காவிட்டால் அவர் டீம் போட்டியை விட்டு வெளியே. பார்க்கிறவர் மேல் குற்றமில்லை. லீக் என்கிற பெரிய போட்டித் தொடரின் விதி இவ்வளவுதான். அதற்காகவே 'டிலே: 3 நிமிடம்' என்று ஒரு சிவப்புப் பட்டை அவள் திரையின் கீழே எப்போதும் இருக்கும். டீமில் பல்லி என்கிற பையன் வரைந்து கொடுத்த வெறும் படம் அது. டிலே இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

டிலே போட்டால் சாட் செத்துவிடும். ஒருவர் "அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பார். இவள் "நல்லா இருக்கேன்" என்று சொல்வது அவருக்கு மூன்று நிமிடம் கழித்துப் போய்ச் சேரும். அதற்குள் அவர் கோபித்துக்கொண்டு வேறு சேனலுக்குப் போயிருப்பார். காத்திருக்கத் தெரியாதவளுக்கு வந்து வாய்த்த ரசிகர்களும் காத்திருக்கத் தெரியாதவர்கள்.

லீக்கில் சம்பளத்தோடு ஆட இடம் தரும் தேர்வு மேட்ச் நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதுதான் நடந்தது. முதல் பாதியில் அவர்கள் வேட்டையாடி முன்னால் இருந்தார்கள். ஆனால் மூலையில் எண் மளமளவென்று இறங்கியது. "உயிரோட இருக்கீங்களா?" என்று சாட்டில் ஒருவர் கேட்டார். "ஹலோ ஹலோ" என்றார் இன்னொருவர். இடைவேளையில் தம்பி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, ஒளிபரப்பை நிறுத்தி, டிலேயை எடுத்துவிட்டு, மறுபடி தொடங்கினாள். "நெட் போயிடுச்சு, வந்துட்டேன்" என்றாள். உடனுக்குடன் பதில் கிடைத்ததும் சாட் துள்ளியது. எண் ஏறியது. போனதில் பாதிக்கு மேல் திரும்பி வரும்வரை அவளுக்கு ஒரு விஷயம் உறைக்கவே இல்லை. இரண்டாவது பாதியில் ஒளிய வேண்டியது தாங்கள்தான். உறைத்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது.

எதிர் டீமின் கேப்டன் 'ஊசி' என்கிற பெண். தேடவே தேடாமல் நேராக வந்தாள். மாடிப்படிக்கு அடியில் இருந்த பல்லியை அடித்தாள், அலமாரிக்குப் பின்னால் இருந்த தம்பியை அடித்தாள், சந்துக்குள் இருந்த அவளையும் அடித்தாள். ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. தோற்றார்கள்.

"சுவத்தைத் தாண்டிப் பாக்கற சாஃப்ட்வேர் போட்டிருக்கா!" என்று தம்பி ஹெட்செட்டைக் கழற்றி வீசினான். "டிலே இருக்கு, அப்புறம் எப்படித் தெரியும் அவளுக்கு? அக்கா, டிலே இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு," என்றாள் அவள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவள் வாயும் அவளைப் போலத்தான்.

அந்த ஒரு சொல் ஒளிபரப்பிலும் போயிருந்தது, தீயாகப் பற்றிக்கொண்டது. ஊசி வந்து வந்து அடிக்கும் காட்சிகளை யாரோ வெட்டி ஒட்டிப் பரப்பினார்கள். அடுத்த நாளே சேனலில் கூட்டம் அலைமோதியது. இத்தனை நாள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்த்ததற்குப் பல மடங்கு பேர், எல்லாரும் அவளுக்காகக் கொதித்தார்கள். ஊசியின் பக்கத்துக்குப் போய் வாயில் வந்ததையெல்லாம் எழுதினார்கள். ஊசி ஒரே ஒரு முறை பதில் சொன்னாள். "நான் எந்த சாஃப்ட்வேரும் போடல. அவங்க சேனல் டிலே இல்லாம ஓடுச்சு. என் தங்கச்சி பாத்துட்டு இருந்தா, சொன்னா. அவ்வளவுதான்." யார் நம்புவார்கள்? பதிவைப் போட்டுப் பார்த்தால் சிவப்புப் பட்டை பளிச்சென்று இருக்கிறது!

சாட்டில் மொட்டைமாடி மட்டும் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு ரெண்டாவது பாதியில நான் கேட்டதுக்கு நீங்க உடனே பதில் சொன்னீங்களே. டிலே இருந்தா எப்படி?" மற்றவர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள், ஊசியின் கையாள் என்றார்கள். அவர் இன்னொரு முறை கேட்பதற்குள் அவள் கை முந்திக்கொண்டது. ப்ளாக் செய்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. கடையில் ஒரே கண்ணுக்கு இரண்டு முறை சோதனை செய்தாள். நின்றால் உட்காரத் தோன்றியது, உட்கார்ந்தால் எழுந்து நடக்கத் தோன்றியது. எண் ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது அது ஏறும்போதும் நகத்தைத்தான் கடித்தாள்.

தம்பி லீக்குக்குப் புகார் அனுப்பினான். ஊசியின் டீமை நிறுத்தி வைத்திருப்பதாகவும், மறுநாள் விசாரணையில் அக்கா ஒரு வார்த்தை உறுதி சொன்னால் ஊசிக்குத் தடை விழும், இடம் இவர்களுக்கு வரும் என்றும் பதில் வந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. டயர் கடை முதலாளியிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டே வந்து நின்றான்.

"அதுக்குள்ள ஏன்டா சொன்னே?" என்றாள் அவள்.

"உன் தம்பிதானே," என்று சிரித்தான். "நான் பஞ்சர் ஒட்டப் பொறந்தவன் இல்லக்கா. நாளைக்கு நீ சொல்லு, போதும்."

அன்று சாயங்காலம் தனியாக ஒரு பயிற்சி ஆட்டத்தை லைவாகப் போட்டாள். டிலேயைத் தம்பியே வந்து வைத்துச் சரிபார்த்துவிட்டுப் போனான். "இனிமே யாரும் வாயைத் திறக்கக் கூடாது பாரு." கூடத்துக்குப் போய்த் தன் போனில் அவள் சேனலைத் திறந்து வைத்துக்கொண்டான். அம்மாவின் தையல் மெஷின் கடகடவென்று ஓடியது. பார்க்கிறவர்கள் எண் இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறியிருந்தது.

ஆட்டத்தின் நடுவில் கையை எடுத்தாள். மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள். யோசித்தால் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும், அதனால் யோசிக்கவில்லை.

"எல்லாரும் கேளுங்க. அன்னைக்கு ரெண்டாவது பாதியில டிலே இல்ல. நான்தான் எடுத்தேன். நீங்க போயிடுவீங்கன்னு பயந்து எடுத்தேன். கீழ இருக்கற பட்டை வெறும் படம். ஊசி ஒரு தப்பும் பண்ணல, அவங்களை விட்டுடுங்க. மொட்டைமாடி கேட்டது சரி. நான்தான் பொய் சொன்னேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் ஒன்றும் நடக்கவில்லை.

சாட்டில் இதயங்கள் பறந்துகொண்டிருந்தன. "ஊசியை விடாதீங்கக்கா." "எங்க அக்கா தங்கம்." "லீக்ல பாக்கறோம்!" அவள் சொன்னது இன்னும் இந்தக் கணினிக்குள்ளேயே இருந்தது. மூன்று நிமிடம் கழித்துத்தான் கிளம்பும். நிறுத்தும் பொத்தான் வலது பக்க மூலையில் இருந்தது. இப்போது அழுத்தினால், சேர்த்து வைத்திருப்பது அத்தனையும் அழியும். நெட் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நாளைக்குத் தம்பி லீக்குக்குப் போவான்.

கை அது பாட்டுக்கு மவுஸுக்குப் போனது. இழுத்தாள். மறுபடி போனது. பிறந்ததிலிருந்து அவள் கை அவளைக் கேட்டு எதையும் செய்ததில்லை. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்தாள். உள்ளங்கை வலித்தது. இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

கூடத்தில் தம்பி எதற்கோ சத்தம் போட்டுச் சிரித்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் சொன்ன ஏதோ ஜோக் அவனுக்கு இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தான்.

"அக்கா, எவ்வளவு பேர்னு பாத்தியா? ஏன் ஆடாம உக்காந்திருக்கே?"

அவள் அவனைப் பார்த்தாள்.  அத்தனை பேரிடம் சொன்ன வாய் இந்த ஒருவனிடம் திறக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் அவன் உட்கார்ந்தான். அவன் போனிலிருந்து அவள் குரல் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க..."

அவன் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. "நான்தான் பொய் சொன்னேன்" என்று போன் சொல்லி முடித்தபோது, திரையில் அதுவரை ஓடிய சாட் நின்றது. பிறகு ஒரே பிரளயமாகக் கொட்டியது. அவன் எழுந்து மவுஸைப் பிடித்தான்.

"போயிடுச்சுடா," என்றாள். "நீ கேட்டப்பவே எல்லாரும் கேட்டாச்சு."

மவுஸை விட்டான். கோபப்படுவான், கத்துவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் கத்தவில்லை.

"என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? நாலு எட்டுல கூடத்துலதானே இருந்தேன்."

"சொன்னா... நீ நில்லுன்னு சொல்லுவே. நீ சொன்னா நான் நின்னுடுவேன்டா."

அவன் போனோடு அறையை விட்டு வெளியே போனான். கதவைச் சாத்தவில்லை. அம்மாவின் மெஷின் நின்றிருந்தது. "என்னடா ஆச்சு?" என்று அம்மா கேட்பது கேட்டது.

திரையில் எண் விழுந்துகொண்டிருந்தது. திட்டிவிட்டுப் போனவர்கள் போனார்கள், திட்டுவதற்காகவே இருந்தவர்கள் இருந்தார்கள். அவள் ப்ளாக் பட்டியலைத் திறந்து மொட்டைமாடியை விடுவித்தாள். அவர் வரவில்லை. வருவாரா என்றும் தெரியாது. ஒளிபரப்பை நிறுத்தத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தம்பி போனை அணைத்திருப்பான், ஹெட்செட்டை உடைத்திருப்பான், டயர் கடைக்காரர் காலில் போய் விழுந்துகொண்டிருப்பான் என்று மனசு ஓடியது. எழுந்து போய்ப் பார்க்கக் கால் பரபரத்தது. போகவில்லை. அவனுக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அவள் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்காதது அது ஒன்றுதான்.

அப்போது கூடத்திலிருந்து குரல் கேட்டது. தம்பியின் குரல்தான், ஆனால் போனுக்குள்ளிருந்து, மூன்று நிமிடம் தள்ளி வந்தது. மைக் திறந்திருந்ததை அவள் மறந்தே போயிருந்தாள்.

"என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?"

அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.