செத்தவர் ஓட்டிய மிஷின்

என் நாத்தனாரின் வலது கை வெந்துபோன மூன்றாம் நாள், மேனேஜர் ஒரு தாளை நீட்டி இடது கைப் பெருவிரலால் கைநாட்டு வைக்கச் சொன்னார். "உதவியாள் அனுமதியின்றி மிஷினைத் தொட்டதால் விபத்து" என்று அதில் அச்சடித்திருந்தது. வைத்தால் தப்பு அவளுடையது, அன்றோடு வேலையும் போச்சு. யோசித்துச் சொல்கிறோம் என்று அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. ஈர விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து, கொதிக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று வரும். காலையில் நீராவியைத் திறப்பதும் சாயங்காலம் மூடுவதும் ஆறு வருஷமாக நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் எங்கள் அடையாள அட்டையில் இருப்பது 'உதவியாள்'. யாருக்கு உதவி என்று கேட்டால் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

'இயக்குபவர்' என்று பேர் இருந்த ஒரே ஆள் மீசைக்காரர். நாங்கள் வந்த கொஞ்ச நாளில் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நீராவியைத் திறக்குமுன் சுவரில் தொங்கும் நோட்டில் இயக்குபவர் பெயரை எழுதியாக வேண்டும். உதவியாள் பெயர் அதில் வரக்கூடாது, பழைய பெயரையே போடுங்கள் என்றார் மேனேஜர். நாங்களும் போட்டோம். "இன்னிக்கு நான் மீசை, நாளைக்கு நீங்க மீசை அண்ணி" என்று நாத்தனார் சிரிப்பாள்.

போன வருஷம் மீசைக்காரர் செத்துப்போனார். எல்லோரும் மாலையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மறுநாள் காலை எட்டு மணிக்கு டாண் என்று வேலைக்கு வந்துவிட்டார், நோட்டில், என் கையெழுத்தில். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் மிஷின் நின்றுவிடும். அது வேலை செய்யவில்லை என்று நாத்தனார் மூன்று தடவை மேனேஜரிடம் சொன்னாள். பழுது எழுதும் பக்கமும் இயக்குபவருக்குத்தான், உதவியாள் எழுதக்கூடாதாம். ஆக, அவள் சொன்னது காற்றோடு போயிற்று. நாலாவது தடவை சொல்வதற்குள் கை உள்ளே போய்விட்டது.

மேனேஜர் தாளை நீட்டிய மறுநாள் விசாரணைக்குத் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். நடுவயது அம்மா, அதிர்ந்து பேசாதவர். அதற்கு முன்பே மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, நோட்டில் பொய் எழுதிய கை உன்னுடையது, வாயைத் திறந்தால் உன் வேலையும் போகும் என்று மிரட்டியிருந்தார். பயம் இல்லாமலா? நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீடு. இரண்டு வேலையும் போனால் நடுத்தெருதான்.

அதிகாரி தாளைப் படித்தார். உதவியாள் தொட்டபோது இயக்குபவர் எங்கே இருந்தார் என்று கேட்டார். பக்கத்தில்தான் இருந்தார் என்று மேனேஜர் கூசாமல் சொன்னார். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான். அதற்கு மேல் முடியவில்லை.

"அப்ப அவரைக் கூப்பிடுங்க சார்."

கூப்பிடுங்கள் என்று அதிகாரியும் சொன்னார்.

"அவர் வரமாட்டார் மேடம். செத்து ஒரு வருஷமாச்சு. நானே மாலை போட்டேன். அதுக்கப்புறமும் நோட்டுல தினமும் வேலைக்கு வர்றாரு. பாதி என் கையெழுத்து, பாதி இவ கையெழுத்து."

பொய் எழுதியதை இவளே ஒத்துக்கொள்கிறாள், பாருங்கள் என்று என்னைக் காட்டி மேனேஜர் துள்ளினார்.

"எழுதினேன். நீங்க சொல்லி எழுதினேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா ஆறு வருஷம் மிஷின் ஓட்டினது நாங்க. அதையும் எழுதுங்க."

அதிகாரி சுவரிலிருந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு துண்டுத் தாளில் மீசைக்காரர் பெயரை என்னை எழுதச் சொல்லி, இரண்டையும் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மேனேஜரின் தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, புது வாக்குமூலப் படிவம் ஒன்றை நாத்தனார் முன்னால் வைத்தார்.

அவள் வலது கை முழுக்கக் கட்டு. அவளுக்காக எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் இடது கையால் அதை வாங்கிக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. அடுத்தவங்க பேரை அடுத்தவங்க எழுதினது போதும்."

அப்பா பெயரின் முதலெழுத்தோடு தன் பெயரை எழுதினாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. வேலை என்ற கட்டத்தில் 'இயக்குபவர்' என்று எழுதி முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பி எத்தனை நாளாக வேலை செய்யவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"பத்து நாளா. மூணு தடவை சொன்னேன்."

"யார் சொன்னதா எழுதட்டும்?"

"மிஷினை ஓட்டுறவ சொன்னதுன்னு எழுதுங்க மேடம்."

அதிகாரி அப்படியே எழுதினார்.