சீல் வைத்த மெஷின்

ஜெயப்பிரியாவின் கீழ்வரிசை முன்பல் இரண்டில் ஈறு கரைந்து வேர் வெளியே தெரிந்தது. மேல் அண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து அங்கே ஒட்டித் தைத்தால் பல் நிற்கும், இல்லாவிட்டால் விழுந்துவிடும் என்று பல் டாக்டர் நவநீதகிருஷ்ணன் சொல்லியிருந்தார். ஆனால் அவள் இருதய வால்வுக்காக, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்கிற பெண். அண்ணத்து ரத்தக்குழாயில் கத்தி பட்டால் லேசில் நிற்காது. இப்படிப்பட்டவர்களுக்காகவே வாய்க்குள் போகிற மாதிரி சின்னதாக ஒரு அல்ட்ராசவுண்ட் மெஷின் வாங்கியிருந்தார் மனிதர். குழாய் எங்கே ஓடுகிறது, சதை எவ்வளவு தடிமன் என்று திரையில் பார்த்துவிட்டு வெட்டலாம்.

பசுவந்தனையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்த கல்யாணசுந்தரியின் கண்ணில் முதலில் பட்டது அரக்குதான். மெஷினைத் துணியால் சுற்றிக் கட்டி, முடிச்சில் சீல் வைத்திருந்தார்கள்.

"ஆபீசருங்க வந்தாவ. ஸ்கேன் மெஷின்னா எதுவா இருந்தாலும் பதிவு வேணும்னு சட்டமாம். எழுதிப் போட்டிருக்கேன், இன்னும் வரல" என்றார் டாக்டர். "வயித்துல இருக்கது ஆணா பொண்ணான்னு பாத்துச் சொல்லிருவமாம்."

"வாயிக்குள்ளயா சார் பிள்ளை வளருது?" என்றாள் ஜெயப்பிரியா.

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். "ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அவியளுக்குப் பல்லு டாக்டருதான் ஆப்பிட்டாரு" என்றார் தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி ஒருவர். பிறகு ஆளாளுக்கு அந்தச் சட்டத்தைப் போட்டுக் காய்ச்சினார்கள்.

"மெஷின் இல்லாம செய்ய முடியாதா சார்?"

"மத்தவங்களுக்குச் செய்வேன். ஒனக்குக் குழாய் தெரியாம கத்தி வைக்க மாட்டேம்மா."

"பதிவு வார வரைக்கும் பல்லு நிக்குமா?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "முன்பல்லால எதையும் கடிக்காத" என்றார்.

ஜெயப்பிரியா தாயின் தோளை இடித்தாள். "நீ ஏதாச்சும் சொல்லேம்மா. ஊரே ஏசுது, நீ மரம் மாதிரி நிக்க."

கல்யாணசுந்தரி அந்த அரக்கையே பார்த்தாள். முதல் இரண்டும் பெண்ணாகப் போய், மூன்றாவது உண்டானபோது, மாமியாரும் அவளுமாக இதே ஊருக்கு ஸ்கேன் பார்க்க வந்தார்கள். பெண்ணென்றால் கலைத்துவிடுவதாகப் பேச்சு. அவளும் தலையாட்டித்தான் வந்திருந்தாள். போன இடத்தில் மெஷின்மேல் இதே மாதிரித் துணி, இதே அரக்கு. வீடு சேரும்வரை மாமியார் சீல் வைத்தவர்களை மண்ணை வாரித் தூற்றினாள். வேறு இடம் விசாரிப்பதற்குள் கலைக்கிற நாள் கடந்துவிட்டது. அப்படிப் பிறந்தவள்தான் ஜெயப்பிரியா.

அந்தச் சட்டத்தை அவள் எந்த வாயால் ஏசுவாள்? ஏசாமலிருக்கவும் பெற்ற மனசு கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜெயப்பிரியா நாக்கால் பல்லை ஆட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெளியே மழை காணாத கரிசல் வெடித்துக் கிடந்தது.

"ஏம்மா, அந்த மெஷினுக்குச் சீல் வைக்காம இருந்திருந்தா, நான் இன்னைக்கு இப்பிடி உக்காந்திருப்பனா?"

கல்யாணசுந்தரி மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாட்டட்டி" என்றாள்.