கூப்பிடாமல் கடந்த வாசல்

பினாங்கில் கடலுக்குள் மரத்தூண்களின் மேல் நிற்கும், லிம் என்ற குடும்பப்பெயர் கொண்ட சீனர்களின் குடியிருப்பில் ஒரு பழக்கம் உண்டு. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் வாசலைக் கடக்கும் பிள்ளை, முறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சுற்றுலா வழிகாட்டி சியூ கிம் அங்கேதான் பிறந்தாள். அலுவலகத்தில் தன் வீடு வசதியானவர்கள் வாழும் தஞ்சோங் புங்காவில் என்று சொல்லியிருந்தாள்.

அன்று ஒரு சுற்றுலாக் கூட்டத்தை அவள் அங்கே அழைத்து வந்தபோது மேலாளரும் கூட வந்திருந்தார். அவள் அப்பா சட்டையில்லாமல் வீட்டு வாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, அவள் கூப்பிடுவாள் என்று பார்த்தார். அவள் கூப்பிடவில்லை.

கூட்டத்தில் ஒரு தைவான் அம்மாளுக்கு அப்பா பேசும் ஹொக்கியன் என்ற சீன மொழி தெரியும். "அண்ணே, தனியாவா சாப்பிடுறீங்க? பிள்ளைங்க இல்லியா?"

"ஒரு பொண்ணு. பெரிய வேலை. இந்தப் பக்கம் வர நேரமில்ல."

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குச் சேத்து நாத்தம் ஆகாது!" என்று சிரித்தவள், சியூ கிம்மின் பெயர் அட்டையைப் பார்த்தாள். "நீயும் லிம்மா? இங்க எல்லாரும் லிம்தானே. இந்த இடத்துப் பொண்ணா?"

மேலாளர் திரும்பிப் பார்த்தார்.

"இல்லக்கா. பினாங்குல தடுக்கி விழுந்தா ஒரு லிம் மேலதான் விழணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். "ஆமா, இவங்க டவுன் பொண்ணு. பாத்துப் போங்க மிஸ், அந்தப் பலகை ஆடும்."

அவர் சொல்லி முடிக்குமுன்பே, குனிந்து பார்க்காமலே, அவள் கால் அந்தப் பலகையைத் தாண்டியிருந்தது. தைவான் அம்மாள் அந்தக் காலைப் பார்த்தாள், கிழவரின் முகத்தைப் பார்த்தாள். அதன்பிறகு அவள் சிரிக்கவில்லை.

பாதையின் கோடியில் கூட்டத்தைப் படமெடுக்க விட்டுவிட்டு சியூ கிம் திரும்பி வந்தாள். கஞ்சிக் கிண்ணம் பாதியில் கிடந்தது. அப்பா புத்தாண்டுக்கு வாங்கிய சட்டையைப் போட்டு, கழுத்துப் பொத்தானைக்கூடப் பூட்டியிருந்தார்.

"இனிமே கூட்டம் வந்தா உள்ள இருந்துக்கறேன். வெத்து உடம்போட உக்காந்தது உனக்குச் சங்கடமாப் போச்சு."

அவள் வாசலுக்கு நேரே வந்து நின்றாள்.

"அப்பா!"

பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். பாதையின் கோடியில் ஒரு தலை திரும்பியது.

"மெதுவாக் கூப்பிடும்மா," என்றார் அவர் பதறி. "உங்க மேலாளர் பாக்கறாரு."