சுவருக்கு வெளியே ஒரு டாக்டரம்மா

துபாய் அல் குசைஸ் தொழிலாளர் கேம்பின் பின்பக்கச் சந்தில், செத்து நூறு வருஷம் தாண்டிய அமெரிக்க டாக்டரம்மா ஒருவர் போன கோடையில் வந்து நின்றுகொண்டார். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கவுன், கையில் தோல் பை. அந்த வெயிலிலும் ஒரு பொட்டு வேர்வை கிடையாது. அவர் நாட்டில் பெண்கள் டாக்டருக்குப் படிக்கப் புறப்பட்ட முதல் காலத்தில், வகுப்புக்குள் விடமாட்டோம் என்றார்களாம். வராந்தாச் சுவரில் காதை வைத்தே படிப்பை முடித்த மனுஷி. அதனால் எந்தச் சுவருக்குப் பின்னால் எவன் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்பது அவருக்குத் தெளிவாகக் கேட்கும். இதில் கேம்பில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சந்தேகம்தான் இருந்தது. சும்மா ஒரு டாக்டர் வெயிலில் நிற்பாரா? சீக்காளி யாரென்று மோப்பம் பிடித்து, விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு ஏற்றிவிடக் கம்பெனி வைத்த ஆள்தான் என்று முடிவுகட்டினார்கள்.

அதிகம் பயந்தவன் கமுதிப் பக்கத்து முனியசாமி. கட்டிட வேலையில் சாரத்தில் ஏறினால் நெஞ்சிலிருந்து இடது தோள்வரை ஒரு வலி இழுத்தது. கேட்டவர்களிடம் வெறும் வாயு, கேஸ் என்று சமாளித்தான். மகள் அகிலா மதுரையில் படிக்கிறாள். அவள் முடிக்கும்வரை இவனுக்கு நோய் வரக்கூடாது, வந்தாலும் வெளியே தெரியக்கூடாது. சுவரோரக் கட்டிலை அறையின் நடுவே இழுத்துப் போட்டான். சுவரை மறைத்துக் கம்பளியைத் தொங்கவிட்டான், டிவியை அலறவிட்டான். "பொண்டாட்டிக்குக்கூட நீங்க இப்படிப் பயந்திருக்க மாட்டீங்கண்ணே" என்று ரூம்காரன் அருள்ராஜ் கிண்டலடித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாரும் மெஸ்ஸுக்குப் போயிருக்க, கம்பளிக்கு அந்தப் பக்கமிருந்து அசல் கமுதிப் பேச்சில் குரல் வந்தது.

"தம்பி, இது கேஸ் இல்ல. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

அமெரிக்கக்காரிக்கு நம்ம ஊர்ப் பேச்சு எப்படி வந்தது என்று அவனுக்குச் சந்தேகம் இன்னும் வலுத்தது. "கம்பெனில போயிச் சொல்லிருவீகளா?"

"என்னைய எங்கய்யா உள்ள விட்டாக? வெளியவே நிக்கிறவ யாருகிட்டப் போயிச் சொல்ல?"

முனியசாமிக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஊரில் அவன் கட்டி முடித்த எந்தக் கட்டிடத்துக்குள்ளும் அவனையும் அப்புறம் விட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு டாக்ஸி பிடித்துப் போனான். இதயத்தில் அடைப்பு; ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பெனிக்குத் தெரியத்தான் செய்தது. சாரத்திலிருந்து இறக்கி ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். ஓவர்டைம் போயிற்று, விசா போகவில்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கம்பளியைக் கழற்றினான். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு முதுகைச் சாய்த்தான். இப்போது கேம்பில் சுவரோரக் கட்டிலுக்குத்தான் போட்டி. புதிதாக வருகிறவனிடம், தண்ணீர் எப்போது வரும், டூட்டி பஸ் எங்கே நிற்கும் என்பதோடு இதையும் சொல்லிவிடுகிறார்கள்: அந்தச் சுவரில் துணி காயப்போடாதே, டாக்டரம்மாவுக்குக் கேட்காது.