ரோசம்மாள் காதால் எடுத்த அட்டெண்டன்ஸ்

எங்கள் மொட்டை மாடியும் பக்கத்து மிஷன் பள்ளியின் பெண்கள் விடுதி மாடியும் ஒரே உயரம். துணி காயப்போடப் போனால் நாலு விஷயம் கண்ணில் படத்தான் செய்யும். என்னை வம்புக்காரி என்பவர்களும் சேதி வேண்டுமென்றால் என்னிடம்தான் வருகிறார்கள்.

வார்டன் ரோசம்மாளுக்கு மூட்டுவலி. மாடி ஏறமாட்டார், அட்டெண்டன்ஸைக் காதாலேயே எடுத்துவிடுவார். லைட் போடும் நேரத்து ஜெபப் பாட்டில் ஒருத்தி ஒரு வரி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடவேண்டும். கீழே நாற்காலியில் சாய்ந்தபடியே யார் யார் இருக்கிறார்கள், யாருக்குச் சளி என்று சொல்லிவிடுவார். அதில் பெருமை வேறு.

காலாண்டு விடுமுறைக்கு விடுதி காலியானது. இரண்டு பிள்ளைகளாவது தங்கினால்தான் திறந்து வைப்பார்கள். பத்தாம் வகுப்பு யுவராணி, வத்தல்மலைப் பிள்ளை, தானும் கூடப் படிக்கும் சோபனாவும் தங்குவதாகச் சொல்லியிருந்தாள். சோபனாவோ அப்பாவின் பைக்கில், பை வாளி சகிதம், கடத்தூருக்குப் போனதை நானே பார்த்தேன்.

யுவராணி ஏன் புளுகினாள் என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை. விடுதியைப் பூட்டினால் கடத்தூர் அத்தை தங்கம்மாள் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அங்கே அத்தை மகனுக்குப் பட்டு வேட்டி எடுத்தாகிவிட்டது. போனால் கழுத்தில் தாலி ஏறிவிடும். அதோடு படிப்புக்கு முழுக்கு.

அன்று சாயங்காலம் மாடியில் இரண்டு குரல் கேட்டது. கெட்டிக்காரி, இரண்டு தொண்டையில் பாடுகிறாளே என்று மெச்சிக்கொண்டேன். மெச்சினால் போதுமா, பார்க்க வேண்டாமா? மறுநாள், காயாத துணியை எடுக்கப் போனேன்.

யுவராணி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வரி பாடினாள். நிறுத்திவிட்டுச் சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஆளில்லாத கட்டில் வரிசையிலிருந்து அந்த வரி திரும்பி வந்தது. சின்னக் குரல். புதிதாகப் பாட்டுக் கற்பவள்போல் கொஞ்சம் பின்தங்கி.

என் கையிலிருந்த கிளிப்புகள் கொட்டின. அவள் திரும்பினாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"யாருடி அது?"

"தெரியலைங்கக்கா. நேத்து பயந்து பாதியில நிறுத்திட்டேன். மிச்சத்தப் பாடுற வரைக்கும் பக்கத்துலயே மூச்சு உடற சத்தம்."

"கீழ ஓடி வந்துடறதுதானே?"

"வந்தா அத்தை வூடுதானுங்களே."

கொட்டின கிளிப்புகளைப் பொறுக்கிக்கொண்டு இறங்கினேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் தங்கம்மாள் வந்து நின்றாள். எனக்கும் சரியாக அப்போதுதான் விடுதிக் கறிவேப்பிலை தேவைப்பட்டது.

"ஒத்தப் புள்ளைக்கு எதுக்குங்க ஹாஸ்டலு? அந்தச் சோபனா கடத்தூர் சந்தையில சுத்திக்கிட்டு இருக்குது."

ரோசம்மாளுக்குச் சுருக்கென்றது. "என் காதுக்குத் தப்பி ஒருத்தி போயிடுவாளா?" என்றவர் மாடியைப் பார்த்து, "சோபனா, ஒரு குரல் குடுடி" என்றார்.

மேலே சத்தமில்லை. தங்கம்மாள் என் பக்கம் திரும்பினாள். "பக்கத்து வூட்டுக்காரங்கதானே, நீங்களே சொல்லுங்க. எத்தன புள்ளைங்க?"

"ரெண்டு குரலு கேக்குதுங்க" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"அதையும் பார்த்துடறேன்" என்று அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினாள். மேலே யுவராணி பாடத் தொடங்கினாள். வரி முடிந்தது. ஒன்றுமில்லை. தங்கம்மாள் அடுத்த படியில் கால் வைத்தாள்.

பதில் அவள் காதருகே வந்தது. படியில் அவளைத் தவிர யாருமில்லை.

தங்கம்மாள் இறங்கினாள். செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

"சோபனாவுக்குச் சளி புடிச்சிருக்கு" என்றார் ரோசம்மாள், கண்ணை மூடியபடி.

விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிய அன்றும் யுவராணிதான் முதல் குரல். எல்லாரும் பாடி முடித்தபின், ஒரு சின்னக் குரல் மட்டும் பின்னால் வந்து முடிந்தது.

"சோபனா, எல்லாரோடயும் சேந்து பாடு" என்று கீழிருந்து அதட்டினார் ரோசம்மாள்.

சோபனா இன்னும் கடத்தூரிலிருந்து வந்து சேரவில்லை. யுவராணி அடுத்த வரியைச் சற்று மெதுவாகத் தொடங்கினாள், பின்தங்குவதும் கூடவே வரட்டும் என்பதுபோல.